மேடையிலிருந்து இறங்கி வாக்குச்சாவடிக்குள் வாருங்கள்: முற்போக்கு இயக்கத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் இடதுசாரி, பெரியாரிய, அம்பேத்கரிய இயக்கங்களின் மாவட்ட, ஒன்றியப் பொறுப்பாளர்கள்

அன்புத் தோழர்களே,

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதியில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு சட்டமன்றத் தொகுதியில் சுமார் 250 வாக்குச்சாவடிகள் என்று வைத்துக்கொண்டால், 87 என்பது மூன்று சாவடிக்கு ஒரு ஓட்டு. பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு பெண், சாவடிக்கு வந்தும் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு முதியவர், கையெழுத்துச் சான்று இல்லாமல் தள்ளுபடியான ஓர் அஞ்சல் ஓட்டு என்று மூன்று சாவடிக்கு ஒன்று போனாலே கணக்கு மாறிவிடும்.

வாழ்நாள் முழுவதும் முற்போக்கு அரசியலில் இருப்பவர்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உண்டு. தெருமுனைக் கூட்டம் நடத்துவோம், துண்டறிக்கை கொடுப்போம், தொலைக்காட்சி விவாதத்தில் வாதாடுவோம். பிரச்சாரம் ஓய்ந்த அந்த 48 மணி நேரத்தோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஓட்டு எந்திரத்துக்குள் போவதும் வெளியே எண்ணப்படுவதும் யாரோ பார்த்துக்கொள்ளும் வேலையாகிவிட்டது. வாக்குச்சாவடி முகவர்களாகவும் எண்ணும் மேசை முகவர்களாகவும் பணியாற்றும் நாங்கள், இந்த வேலையை இயக்கத்தின் முழுநேர அரசியல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

இது கட்சிக்காரர்களின் வேலை, இயக்கத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று சைமன் குழுவின் முன் வாதிட்டவர் அம்பேத்கர். அதுவரை சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே ஓட்டு. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை வந்தபோதுகூட, சொத்துத் தகுதி கொண்ட சிலருக்குத்தான் அது பயன்பட்டது. கூலிக்காரருக்கும் சேரிக்கும் ஓட்டு வந்தது அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வழியாக. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 375இல் 152 இடங்களோடு பெரும்பான்மை இழந்தது, கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். அந்த உரிமையைக் காகிதத்திலிருந்து சாவடிக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு மதுரை மாவட்டத்து மேலவளவு சாட்சி. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே, 1996இலிருந்து பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006இல்தான் அந்தப் பூட்டு உடைந்தது. ஓட்டுப் பெட்டியின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது நம் இயக்கத்துக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல.

முதலில் பட்டியல். தேர்தல் அறிவித்த பிறகு பட்டியலைத் தேடுவது பயனற்றது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு ஒரு பெயரும் சேராது. விசாரிக்கவும் ஆட்சேபணைக்கும் அதிகாரிக்கு அவகாசம் வேண்டும் என்பதால், அந்த நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் இப்போது உண்டு. 18 நிரம்புகிறவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

புதிதாகச் சேர படிவம் 6. நீக்கவும் ஆட்சேபிக்கவும் படிவம் 7. முகவரி மாற்றம், பிழைத்திருத்தம், அட்டை மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது ஆகிய நான்குக்கும் படிவம் 8. களத்தில் அதிகம் நடக்கும் தவறு இதில்தான். திருப்பூருக்குக் குடிபெயர்ந்த தொழிலாளி படிவம் 8 கொடுப்பதற்குப் பதில் படிவம் 6 கொடுப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு வரும். இரட்டைப் பதிவு என்று பிறகு ஒன்றை நீக்கும்போது, சில நேரம் புதிய ஊர்ப் பதிவே போய்விடும். கல்யாணமாகிப் போன பெண்களுக்குப் பிறந்த ஊரில் பெயர் நீங்கும், புகுந்த ஊரில் சேர்ந்திருக்காது. செங்கல் சூளைக் குடும்பங்கள் கணக்கெடுப்பு நாளில் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். பட்டா இல்லாத இருளர் குடியிருப்புகளில் முகவரிச் சான்று இல்லை என்று விண்ணப்பத்தையே வாங்காமல் விடுவார்கள். அது விதிக்குப் புறம்பு. வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. அவர் படுக்கும் இடத்துக்குச் சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதிசெய்தால் போதும். இதை அலுவலரிடம் எடுத்துச் சொல்ல ஒரு தோழர் கூடப் போனாலே பாதி வேலை முடியும்.

2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் யார் பெயர், எதற்காகப் போனது என்பது ஊருக்குத் தெரிந்தது. நவம்பர் 4 முதல் அதே திருத்தம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நீதிமன்றத்தில் வாதாடுவது ஒரு பக்கம். ஒரு சாவடிக்குரிய பட்டியல்தான் ஒரு பாகம். பாகம் பாகமாகப் பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, விடுபட்ட ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவது இன்னொரு பக்கம். இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லையென்றால், முதலாவதில் வென்றும் பயனில்லை.

சாவடி நிலை முகவரை நியமிக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. அவர் சாதாரண நாள்களில் நாளொன்றுக்குப் பத்துப் படிவங்கள் வரை மொத்தமாகக் கொடுக்கலாம், தீவிரத் திருத்தக் காலத்தில் 50 வரை. இயக்கங்களுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அந்தத் தொகுதி வாக்காளர் யாராக இருந்தாலும் ஆட்சேபிக்கலாம். ஒருவர் பெயரை நீக்கப் படிவம் 7 வந்தால் அவருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரிக்காமல் நீக்கக்கூடாது. பொய்யான படிவம் 7 கொடுத்தவர்மீது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை கேட்கலாம். பதிவு அதிகாரியின் முடிவு தவறென்றால் 15 நாளில் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாளில் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு. இந்த இரண்டு கெடுவும் நம் தோழர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இனி வாக்குப்பதிவு நாள். முகவர் நியமனத்துக்குப் படிவம் 10. வேட்பாளரோ தலைமை முகவரோ கையெழுத்திட வேண்டும். முதல் நாள் ராத்திரி அவசர அவசரமாக நிரப்பிச் சாவடி எண்ணுக்குப் பதில் வேறு எண்ணை எழுதிவிடுவார்கள். ஒரே பள்ளியில் 112, 112ஏ என்று இரண்டு சாவடி இருந்தால் குழப்பம் நிச்சயம். கையெழுத்து, தேர்தல் அதிகாரி அனுப்பிய மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு சாவடிக்கு ஒரு முகவர், இரண்டு மாற்று முகவர். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்.

7 மணிக்குப் பதிவு என்றால் 5.30க்கு மாதிரி வாக்குப்பதிவு. முகவர் வரவில்லையென்றால் 15 நிமிடம் பார்ப்பார்கள், பிறகு அவர் இல்லாமலே தொடங்கும். குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லாப் பொத்தான்களுக்கும். பிறகு முடிவைக் காட்டச் சொல்லுங்கள். விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளை எண்ணி ஒப்பிடுங்கள். அதன்பின் ‘கிளியர்’ பொத்தான் அழுத்தி எல்லா வேட்பாளருக்கும் பூஜ்யம் வருவதைக் கண்ணால் பாருங்கள். இந்த ஒரு கட்டத்தில்தான் அலுவலர்கள் பதற்றத்தில் தவறுகிறார்கள். அழிக்காமல் விட்ட 50 ஓட்டு மாலையில் மொத்தக் கணக்கோடு சேர்ந்துகொள்ளும். எண்ணும் நாளில் அந்தக் கருவியை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அத்தகைய சாவடிகளின் மொத்த ஓட்டைவிடக் குறைவாக இருந்தால்தான் விவிபேட் சீட்டு எண்ணப்படும். மாதிரிச் சீட்டுகளின் பின்புறம் முத்திரையிட்டு, கறுப்பு உறையில் வைத்து ஒட்டியாக வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, விவிபேட் மூன்றின் எண்களையும், பச்சைத் தாள் முத்திரையின் எண்ணையும் குறித்துக்கொண்டு, முத்திரையில் கையெழுத்துப் போடுங்கள். எண்ணும் மேசையில் நம் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் காகிதம்தான்.

பகலில் நடப்பவற்றில் மூன்றைச் சொல்கிறோம். ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், உண்மையான வாக்காளர் தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டுப் போடலாம். அது எந்திரத்தில் அல்ல, தாளில். தனி உறையில் போகும். வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால் மட்டுமே கணக்கில் வரும். இதை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆள்மாறாட்டம் என்று நமக்குத் தோன்றினால், இரண்டு ரூபாய் கட்டி முகவர் ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். மூன்றாவது, இடம்பெயர்ந்தோர் இறந்தோர் பட்டியல். அதில் பெயர் இருக்கிறது என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. அடையாளத்தை உறுதிசெய்து, கையெழுத்தும் கைரேகையும் வாங்கி ஓட்டுப்போட விட வேண்டும். சூளையிலிருந்து ராப்பயணம் செய்து வந்து நிற்கும் குடும்பத்தை ‘நீங்க ஊர்ல இல்லாதவங்க லிஸ்ட்ல இருக்கீங்க’ என்று அனுப்பிவிடும்போது எழுந்து பேச அங்கே ஒரு முகவர் இருக்க வேண்டும். தோழர்களே, நாம் மேடையில் யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள்தான் இவர்கள்.

மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சீட்டு. கடைசி ஆளிடமிருந்து 1 என்று தொடங்கி முன்னோக்கி வரும். இல்லாவிட்டால் பின்னால் புதிதாகச் சேர்ந்துகொள்வார்கள். எல்லோரும் போட்ட பிறகு ‘குளோஸ்’ பொத்தான். ஓட்டுப்போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணிலிருந்து, ஓட்டுப்போட மறுத்தவர்களையும் அனுமதி மறுக்கப்பட்டவர்களையும் கழித்தால் வருவதும் எந்திரம் காட்டும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஏறுவது படிவம் 17சி-யில். அதன் நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி 49எஸ். கேட்டு வாங்குங்கள்; வாங்காமல் படியிறங்காதீர்கள். களைப்பில் ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று போன முகவருக்கு அந்த நகல் பிறகு கிடைப்பதே இல்லை.

எண்ணும் மேசை முகவர் நியமனத்துக்குப் படிவம் 18. எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன் மாலைக்குள் படத்தோடு கொடுத்துவிட வேண்டும். வழக்கமாக 14 மேசை. ஒவ்வொரு மேசையிலும் 17சி நகலோடு உட்காருபவர் பார்க்க வேண்டியது கருவி எண், முத்திரை எண், மொத்த ஓட்டு. தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு அனுபவமுள்ள ஒருவரை அனுப்புங்கள், ஏனென்றால் அஞ்சல் ஓட்டு அங்கேதான். வாக்காளர் கையெழுத்திடும் 13ஏ உறுதிமொழி இல்லை, சான்றொப்பம் இல்லை, உள்ளுறை எண்ணும் உறுதிமொழியில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று தள்ளுபடியாகும். ராதாபுரம் வழக்கே சான்றொப்பம் இட்டவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்ற கேள்வியில்தான் எழுந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, சட்டமன்றத்தின் ஐந்தாண்டும் முடிந்துபோனது. அதனால்தான் அன்றே, அந்த அறையிலேயே எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறோம்.

கடைசிச் சுற்று முடிந்து மொத்தத்தை அறிவித்ததும் அலுவலர் சற்று நிறுத்துவார். மறு எண்ணிக்கை கேட்க விதி 63 தரும் நேரம் அதுதான். காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் அவர் கையெழுத்திட்டுவிட்டால் கதவு மூடிவிடும், பிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத்தான். தோல்வி தெரிந்ததும் நம் ஆட்கள் மனமுடைந்து அறையை விட்டு வெளியேறிவிடுவது வழக்கம். விண்ணப்பத்தை முன்பே தட்டச்சு செய்து, எண்களுக்கு இடம் விட்டு, தலைமை முகவரின் பையில் வைத்திருங்கள்.

எந்திரத்தைப் பற்றி நம் இயக்கங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நூறு சதவீத விவிபேட் எண்ணிக்கையை உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பு ஏற்கவில்லை. தொகுதிக்கு ஐந்து சாவடி என்ற முறை தொடர்கிறது. போராட்டம் தொடரட்டும். ஆனால் எந்திரத்தைச் சந்தேகிக்கிற இயக்கம் முதலில் செய்ய வேண்டியது எல்லாச் சாவடியிலும் 17சி வாங்குவது. அது இல்லாமல் வைக்கும் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

செலவுக் கணக்கைப் பற்றி ஒரு வரி. தோற்றவரும் 30 நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும்; கொடுக்காத ஏழை வேட்பாளர்கள் மூன்றாண்டு தகுதியிழக்கிறார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் தொகுதியின் பாகப் பட்டியலை மேசையில் வையுங்கள். பாகத்துக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண், அந்தப் பாகத்திலேயே குடியிருப்பவராக எழுதுங்கள். ஒரு சாவடிக்கு இப்போது அதிகபட்சம் 1,200 வாக்காளர்தான். இரண்டு பேர் மூன்று மாதத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விடலாம். ஆள் இல்லாத பாகங்களை மறைக்காமல் தனியாக எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஆள் தேடித் தருகிறோம். பயிற்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வகுப்பறை, வெற்றுப் படிவங்கள் போதும். மாதிரி வாக்குப்பதிவிலிருந்து படிவம் 20 வரை எங்களில் இருவர் வந்து நடத்துவோம்.

தோழமையுடன்,
வாக்குச்சாவடி முகவர்களாகவும் எண்ணிக்கை முகவர்களாகவும் பணியாற்றும் தோழர்கள்