கட்டு மாற்றும் அறைக்கு ஒரு வேடிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் பணியாரச் சட்டி சரிந்து என் பேத்தியின் இடது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. ஏழு வயது. காயத்தைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போனதுதான் பெரும்பாடு. மூன்றாம் முறை, மருத்துவமனைத் தெருமுனையிலேயே "வேண்டாம் ஆயா" என்று என் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள். உள்ளே காலை ஒருவர், தோளை ஒருவர் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து எடுக்கும் வரை அவள் என்னையேதான் பார்த்துக் கதறினாள்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற உளவியலாளர்கள் தீக்காயக்காரர்களுக்காகவே 'ஸ்னோ வேர்ல்ட்' என்றொரு மெய்நிகர் விளையாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். கண்ணில் கருவியை மாட்டினால் சுற்றிலும் பனிப் பள்ளத்தாக்கு. பனிமனிதன் மீதும் பென்குயின் மீதும் பனி உருண்டை வீசலாம். வலியை உணரவும் நம் கவனம் வேண்டுமாம். அது பனியில் கிடந்தால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். காக்காயைக் காட்டிச் சோறு ஊட்டும் நமக்கு இது புரியாத விஷயமா?

இதை மந்திரம் என்று சொல்லவில்லை. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பிள்ளைகளின் வலிக்கு மெய்நிகர் கருவி உதவுமா என்பது பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை என்றே எழுதியது. வலி மருந்தைக் குறைக்க இது சாக்காகவும் ஆகிவிடக் கூடாது. வலிப்பு நோய், முகக் காயம் உள்ள பிள்ளைகளுக்கு ஒத்துவராது. சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் கருவியைத் துடைக்கவும் வேண்டும். சரி, இதெல்லாம் செய்யக் கூடியதுதானே?

கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்த செட்டிநாடு இது. சிவகங்கை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில், பிள்ளைகளுக்குக் கட்டு மாற்றும் இடத்துக்கு ஒன்றாக இந்தக் கருவியை வாங்கி வைக்க நகரத்தார் சங்கங்களும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் முன்வர வேண்டும். அதை மாட்டிவிட்டுக் கூடவே நிற்க ஓர் ஆளையும் போட வேண்டும். நர்ஸம்மாவுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. தீபாவளி வந்தால் பட்டாசுக் காயத்தோடு இன்னும் பல பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் யாராவது தொடங்கினால் என் பங்கை முதலில் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை