கண்ட நடைக்கு ஒரு டியூரிங் மெஷின்

திருநகர், மதுரை

அன்பு மாப்ளைக்கு,

நலம்தானே? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சௌக்கியம். சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் வருவதாகத் தங்கச்சி சொன்னாள். ரொம்ப சந்தோஷம்.

மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனி மாடுல்களை வயரால் இணைத்து ஒலி எழுப்புகிற கருவி) புதிதாக என்ன மாட்டியிருக்கிறேன் என்று கேட்டாயே, போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பெயர் டியூரிங் மெஷின். டாம் விட்வெல் என்பவர் 2012-இல் வெளியிட்ட மாடுல். சர்க்யூட்டை எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறார். கிட் வாங்கி நானே சால்டர் வைத்தேன்.

உள்ளே 16 பிட் ஷிஃப்ட் ரிஜிஸ்டர், அதாவது 0 அல்லது 1 நிற்கிற 16 இடங்கள். கிளாக் என்பது தாளம் போடுகிற மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் 0, 1 வரிசை ஓர் இடம் நகரும், கடைசியில் இருப்பது சுற்றி முதலுக்கு வரும். அந்த வரிசைதான் பல்ஸாகவும், ஏறி இறங்கும் வோல்டேஜாகவும் வெளியே வருகிறது. சுற்றி வரும் பிட் மாறலாமா கூடாதா என்பதைப் பெரிய குமிழ் தீர்மானிக்கிறது. நட்டநடுவில் முழுக்கத் தற்செயல். வலது ஓரத்தில் ஒரே வரிசை மாறாமல் சுழலும். இடது ஓரம்தான் எனக்குப் பிடித்தது: சுற்றி வருகிற ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகிவிடும், அதனால் வரிசை இரண்டு மடங்கு நீளும்.

நீளத்தை 5 என்று வை. கண்ட நடை, தகதகிட. பல்ஸ் வெளியீட்டை ஒரு டிரம் மாடுலுக்குக் கொடு. முதல் ஐந்தில் அடி விழுந்த இடமெல்லாம் அடுத்த ஐந்தில் காலி, காலியாக இருந்த இடத்திலெல்லாம் அடி. நீயும் உன் ஜோடியும் தனி ஆவர்த்தனத்தில் தவிலை மாற்றி மாற்றி வாசிப்பீர்களே, அப்படிக் கேட்கிறது! உன் மிஸ்ர சாபுவின் ஏழுக்குத்தான் வழியில்லை. நீளக் குமிழில் இருப்பது 2, 3, 4, 5, 6, 8, 12, 16 மட்டுமே.

பெரும்பாலும் இதன் வோல்டேஜைக் குவாண்டைசரில் (வோல்டேஜை ஸ்வரத்தில் நிறுத்துகிற மாடுல்) செருகி மெட்டு எடுக்கத்தான் பார்க்கிறார்கள். நானும் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை வைத்துக் கேட்டேன். ஸ்வரம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கமகம் இல்லாத மோகனம் மனசில் ஒட்டவில்லை. ராகத்தை இதன் பொறுப்பில் விடக் கூடாது, ஒரே ஒரு முடிவை மட்டும் விட வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது காலையில் நான் செய்வது இதுதான். சட்ஜத்தை மட்டும் தம்புரா மாதிரி ஓடவிட்டு, அது போகிற ஃபில்டரின் கட்ஆஃபை, அதாவது எந்த உயரத்துக்கு மேல் ஒலியை வெட்டுவது என்கிற முடிவை, டியூரிங் மெஷினிடம் கொடுத்துவிடுகிறேன். வெட்டுகிற இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டுகிற ரெசனன்ஸை நன்றாகக் கூட்டி, கிளாக்கை 4 நொடிக்கு ஒன்றாகக் குறைத்து, வோல்டேஜைத் தாவ விடாமல் ஸ்லூ மாடுல் வழியாக இழைய விட்டால், ஃபில்டர் ஒரு சமயம் சட்ஜத்தின் மூன்றாம் ஹார்மோனிக்கை (உள்ளே ஒலிக்கும் மேல்நாதத்தை) தொட்டுப் பஞ்சமத்தைக் காட்டும், இன்னொரு சமயம் ஐந்தாவதைத் தொட்டு அந்தர காந்தாரத்தைக் காட்டும். சட்ஜத்துக்குள்ளேயே இருந்தவைதான் இரண்டும். 16 அடிக்கு ஒரு சுற்று 64 நொடி. அதன் மேல் நான் மோகனம் பாடுகிறேன். காந்தாரம் தலைதூக்கினால் நானும் அங்கேயே நின்றுவிடுவேன், ஆலாபனை அந்தப் பக்கம் திரும்பிவிடும். குமிழை வலது ஓரத்திலிருந்து துளி பின்னால் இழுத்து வைத்திருப்பதால், பழகின சுற்றில் எப்போதாவது ஓர் இடம் மாறும். அந்த மாற்றத்துக்காகவே காது கொடுத்துப் பாட வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷப் பாட்டில் தம்புராவை இவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை மாப்ள.

ஐப்பசி மழையில் மாடித் தகர ஷீட்டில் அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு பைசோ தகட்டை ஒட்டி, மழையையே கிளாக்காக வைத்தும் பார்த்தேன். தூறலுக்கு அருமை. மழை வலுத்தால் எல்லாம் ஒரே இரைச்சல்.

அப்புறம், உன்னிடம் கேட்க வந்த விஷயம். வரும்போது தவிலைக் கொண்டு வா. அதில் பைசோவை ஒட்டி, டோப்ஃபர் ஏ-119 என்ற மாடுல் வழியாக விடலாம். அது சத்தத்தைப் பெருக்கி, நாம் வைக்கிற அளவைத் தாண்டின அடிக்கு மட்டும் கேட் (கிளாக்காகப் பயன்படுகிற மின்துடிப்பு) கொடுக்கும். தொப்பியில் விழுகிற குச்சியடி மட்டும் தாண்டுகிற மாதிரி வைத்தால், வலந்தலையில் நீ விரலால் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஒவ்வொரு குச்சியடிக்கும் வரிசை ஓர் இடம் நகரும். காலப்பிரமாணம் முழுக்க உன் கையில். நீ நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

காரில் தவிலுக்கு இடம் இருக்குமா என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. பைசோவை வார் மேல் ஒட்டினால் போதுமா, பலாக்கட்டையில்தான் ஒட்ட வேண்டுமா? அதையும் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்