சாவி வரும் முன்பே நம் வீடு

ஹாரோ, லண்டன்
நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை மதியம் போனில் அவசரமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். "வீடு முடிந்ததா, சாவி வந்ததா?" என்று கேட்டீர்கள். வீடு முடிந்துவிட்டது, சாவி வரவில்லை என்றேன். உங்களுக்கு அது குழப்பமாகத்தான் இருந்திருக்கும். சாவி வருவது 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ஆனால் அதற்குள் அந்த வீடு எரிந்தாலும் இடிந்தாலும் நஷ்டம் நம்முடையது. இதை உட்கார்ந்து எழுதினால்தான் சரியாக வரும் என்று தோன்றியது. அம்மாவுக்கு ஒரு வேலையும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் வீடு வாங்குவது இரண்டு நாளாக நடக்கிறது. முதல் நாள் 'எக்ஸ்சேஞ்ச்'. இரண்டு பக்கத்து சொலிசிட்டர்களும், அதாவது வக்கீல்களும், கையெழுத்தான ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வார்கள். நாம் வழக்கமாக விலையில் பத்து சதவீதம் கட்ட வேண்டும். அதற்குமேல் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். இரண்டாவது நாள் 'கம்ப்ளீஷன்', மீதிப் பணம் போய்ச் சாவி வருகிற நாள். நடுவில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓடும். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் எக்ஸ்சேஞ்ச் ஆன நிமிடத்திலிருந்து வீட்டின் பொறுப்பு வாங்குகிறவர் தலையில். விற்கிறவர் இன்னும் உள்ளே குடியிருப்பார், அடுப்பு பற்ற வைப்பார். தீப்பிடித்தால் வீடு போனது நமக்கு, முழுப் பணத்தையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இது தெரியாது அப்பா. இன்சூரன்ஸ் சாவி வாங்குகிற நாளுக்குத்தானே என்று இருந்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் சொலிசிட்டர், "பாலிசி காகிதம் என் கையில் வந்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச்" என்று எழுதியபோதுதான் விழித்தேன். கடன் கொடுக்கும் பேங்கும் அதையேதான் கேட்கிறது. கட்டடத்துக்குக் காப்பீடு இல்லாமல் பணத்தை விடமாட்டார்கள்.

நம் வீட்டில் இன்சூரன்ஸ் என்றால் உயிருக்கு எடுப்பது என்றுதான் கேட்டு வளர்ந்தேன். இங்கே வீட்டுக்கே இரண்டு இருக்கிறது. ஒன்று கட்டடத்துக்கு: சுவர், கூரை, தரை, சுவரோடு பொருத்திய சமையலறை, குளியலறை எல்லாம். இன்னொன்று உள்ளே இருக்கும் பொருட்களுக்கு. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எதெல்லாம் கீழே விழுமோ அதெல்லாம் பொருள் என்று இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். இத்தனை வருஷம் வாடகை ஃபிளாட்டில் பொருட்களுக்கு மட்டும்தான் எடுத்திருந்தோம். கட்டடம் வீட்டுக்காரர் பாடு.

கட்டடத்துக்கு எவ்வளவு தொகை போடுவது என்பதிலேயே முதல் தவறு செய்யப் பார்த்தேன். வாங்கும் விலை 5,90,000 பவுண்டு என்பதால் அதையே எழுதினேன். உங்கள் மாப்பிள்ளைதான் நிறுத்தினார். கேட்பது விலை அல்ல, வீடு தரைமட்டமானால் இடிபாட்டை அள்ளி, வரைபடம் போட்டு, மறுபடி கட்டி எழுப்ப ஆகும் செலவு. மண்ணுக்குத் தீப்பிடிக்காது, அதனால் மனை விலை சேராது. வீட்டைச் சோதித்துப் பார்த்த சர்வேயரின் அறிக்கையில் அந்தத் தொகை தனியாக இருந்தது: 2,95,000. பிரீமியம் குறையட்டும் என்று அதையும் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டாம். அது பெரிய ஆபத்து. பல பாலிசிகளில், பாதித் தொகைக்கு எடுத்தவருக்குச் சமையலறை மட்டும் எரிந்தாலும் அந்தச் சேதத்தில் பாதிதான் கிடைக்கும்.

இனிமேல்தான் உண்மையான கஷ்டம். உங்களிடம் அப்போது சொல்லாததற்குக் காரணம், வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான்.

இது 1930-களில் கட்டிய வீடு. ஹாரோ பக்கம் தெருத் தெருவாக அந்தக் காலத்து இரட்டை வீடுகள், ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்டு நிற்பவை. அடியில் இருப்பது லண்டன் களிமண். மழையில் உப்பும், வறண்ட கோடையில் சுருங்கும். அருகில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மண் சுருங்கினால் மேலே இருக்கும் அஸ்திவாரம் இறங்கும், சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். அந்தக் கால அஸ்திவாரங்கள் ஆழமும் குறைவு. இதற்கு 'சப்சிடன்ஸ்' என்று பெயர். 1971-இலிருந்துதான் வீட்டுப் பாலிசிகளில் இதற்கும் இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தே வருஷத்தில், 1976-இல், பெரிய வறட்சி வந்து கிளெய்ம்கள் குவிந்தன.

விற்பவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஒரு வரி இருந்தது. 2003 கோடைக்குப் பிறகு பின்பக்கச் சுவரில் விரிசல் வந்து கிளெய்ம் செய்திருக்கிறார்கள். தோட்டத்து மூலையில் இருந்த மரத்தைக் குறுக்கி, ஒரு வருஷம் விரிசலை அளந்து பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகு சுவரைச் சரிசெய்து, இஞ்சினியர் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் சர்வேயரும் இப்போது புதிதாக அசைவு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். வீட்டை வாங்க அது போதுமாக இருந்தது. இன்சூரன்ஸுக்குப் போதவில்லை.

விலை ஒப்பிடும் இணையதளங்களில் இரவெல்லாம் உட்கார்ந்து விவரம் நிரப்பினேன். பூட்டு எந்த வகை, கூரை ஓடா தட்டையா, அருகில் ஆறு உண்டா, மரம் எத்தனை மீட்டரில் என்று வரிசையாகக் கேள்வி. "இந்த வீட்டில் எப்போதாவது சப்சிடன்ஸ் இருந்ததா?" என்ற கேள்வி வரும். 'ஆம்' என்றவுடன் அதுவரை இருந்த நாற்பது விலைகளும் மறைந்து, "எந்த நிறுவனமும் பொருந்தவில்லை" என்று ஒரே ஒரு வரி நிற்கும். மூன்று தளத்திலும் அதேதான்.

ஆபீஸில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சரிசெய்தாகிவிட்டது, 'இல்லை' என்று போடுங்கள்." ஒரு நிமிடம் கை அங்கே போனது உண்மை. ஆனால் அந்த 'எப்போதாவது' என்ற வார்த்தை என்னை விடவில்லை. 2012-இல் இங்கே வந்த சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது பாலிசி வாங்குகிறவர் கடமை. தெரிந்தே பொய் சொன்னால் கம்பெனி பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். அப்புறம் குழாய் வெடித்ததற்குக்கூட ஒன்றும் கிடைக்காது. வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டு, வேண்டிய நாளில் வெறும் கையோடு நிற்பதா? 'ஆம்' என்றே போட்டேன். எக்ஸ்சேஞ்ச் ஒரு வாரம் தள்ளிப்போனது. விற்பவர்கள் வேறு ஆளைத் தேடிவிடுவார்களோ என்று அந்த வாரம் தூக்கமே இல்லை.

வழி காட்டியது எங்கள் சொலிசிட்டர்தான். விற்பவர்களின் இன்சூரன்ஸ் கம்பெனியையே கேட்டுப் பாருங்கள் என்றார். 2003 கிளெய்மைத் தீர்த்த கம்பெனி அது. அந்த வீட்டின் முழுக் கதையும் அவர்கள் ஃபைலில் இருக்கிறது. போன் செய்து, சான்றிதழையும் சர்வே அறிக்கையையும் அனுப்பினோம். நாலாம் நாள் ஒத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு 640 பவுண்டு, இரண்டு வகைக் காப்பீடும் சேர்த்து. அதில் 12 சதவீத வரியும் அடக்கம். இன்னொரு சப்சிடன்ஸ் வந்தால் முதல் 2,500 பவுண்டு நாங்கள் போட வேண்டும். வழக்கமாக இங்கே அது 1,000. அதிகம்தான். ஆனாலும் இது உண்மையைச் சொல்லி வாங்கிய பாலிசி, எனக்கு அந்த நிம்மதி போதும். மாதத் தவணையில் கட்டினால் வட்டி சேர்கிறது, அதனால் மொத்தமாகக் கட்டிவிட்டோம்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இதையும் எழுதுகிறேன். வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் என்பதே இந்த ஊரில் 1666-ஆம் வருஷப் பெருந்தீக்குப் பிறகு பிறந்ததுதான். 1680-களில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் அந்தத் தொழிலைத் தொடங்கினார். மரவீட்டுக்குச் செங்கல் வீட்டைப்போல இரண்டு மடங்கு கட்டணம். காப்பீடு எடுத்த வீட்டின் சுவரில் கம்பெனியின் உலோக முத்திரை ஒன்றைப் பதிப்பார்களாம். பழைய தெருக்களில் இன்றும் சில இருக்கின்றன.

நேற்று ராத்திரி இங்கே பலமான காற்றும் மழையும். எக்ஸ்சேஞ்ச் ஆகி ஒரு நாள்தான் ஆகிறது. வாடகை ஃபிளாட்டில் படுத்துக்கொண்டு, அங்கே நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓடுகளை நினைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் மழை விட்டதும் இவரும் நானும் நடந்துபோய் நடைபாதையில் நின்று பார்த்தோம். ஓடு எல்லாம் இருந்தது. வேலிப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. புயலில் வேலி சாய்ந்தால் பாலிசியில் கிடைக்காது, படித்துவிட்டேன். ஜன்னலில் வீட்டை விற்கும் பெரியவர் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். உள்ளே போக உரிமை இல்லை, ஆனாலும் அந்தக் கூரையைப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது அப்பா.

அடுத்த வருஷம் உங்களைப் பார்க்க வருவது பற்றியும் ஒன்று. வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கும் தண்ணீர்க் கசிவுக்கும் காப்பீடு நின்றுவிடும். குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும். ஆகவே நான் குழந்தையோடு ஆறு வாரம் இருந்தாலும், இவர் மூன்று வாரத்தில் திரும்பிவிடுவார். அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி அம்மாவுக்கான வேலை. பொருட்கள் காப்பீட்டில் ஒரு நகைக்கு 1,500 பவுண்டு வரைதான் தானாகச் சேரும். அதற்கு மேல் மதிப்புள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், ஆதாரமும் வேண்டும். என் கல்யாணத்துக்கு வாங்கிய ஆரத்துக்கும் வளையல்களுக்கும் ரசீது உங்கள் பீரோவில், பத்திரங்களோடு இருக்கும் என்று நினைக்கிறேன். எடை எழுதியிருக்கும் பக்கம் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் ஆரம் நன்றாகத் தெரியும் படம் ஒன்று இருந்தால் அதுவும். ரசீது கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம், இங்கேயே மதிப்பீடு செய்து வாங்கிக்கொள்கிறேன்.

பாலிசியின் முதல் பக்கத்து நகலை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஃபைலிலும் ஒன்று இருக்கட்டும். 14-ஆம் தேதி சாவி கையில் வந்ததும் வாசலிலேயே நின்று வீடியோவில் கூப்பிடுகிறேன். அப்போது உங்களுக்குச் சாயங்காலம் ஆகியிருக்கும், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

உங்கள் அன்பு மகள்