முதல் நட்டத்தை ஏற்க முன்வாருங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

காலநிலைக்காக நிதி ஒதுக்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். சிறு விவசாயிகளுக்குச் சூரியசக்தி பம்புசெட்டுகளைத் தவணையில் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பார்ப்பவன் நான். எங்கள் விண்ணப்பத்துக்கு உங்களில் ஒருவரிடமிருந்து போன மாதம் பதில் வந்தது. நோக்கம் பாராட்டுக்குரியதாம், ஆனால் ஆபத்து அதிகமாம், வங்கி ஒன்று கடன் தர இசைந்தபின் மீண்டும் அணுக வேண்டுமாம். வங்கியோ, அறக்கட்டளை ஏதாவது உத்தரவாதம் கொடுத்தால்தான் கடன் என்கிறது. நாங்கள் யார் வாசலில் முதலில் நிற்பது?

காலநிலை நிதி பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. வட்டியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். டீசல் மோட்டாருக்கு அன்றாடம் எரிபொருள் வாங்கினால் போதும். சூரியசக்தி பம்புசெட்டுக்கோ ஏறக்குறைய மொத்தச் செலவும் முதல் நாளே வந்து நிற்கும். அதனால் அது விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வெயில் தீர்மானிப்பதில்லை, வட்டி தீர்மானிக்கிறது. தூய எரிசக்தித் திட்டங்களுக்கு வளரும் நாடுகளில் மூலதனம் திரட்ட ஆகும் செலவு, பணக்கார நாடுகளில் ஆவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கடன் டாலரில் வந்தால் இன்னொரு தொல்லை. விவசாயி உள்நாட்டுப் பணத்தில்தான் தவணை கட்டுகிறார். நாணய மதிப்பு சரிந்தால், அவர் ஒரு தவணைகூடத் தவறாவிட்டாலும் எங்கள் கடன் வீங்கிவிடும்.

எனவே கேட்பது இதுதான்: முதல் நட்டத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நூறு பங்கு கடனில் பத்துப் பதினைந்து பங்கு உங்களுடையதாக இருக்கட்டும். மழை பொய்த்துத் தவணைகள் நின்றால் முதலில் கரைவது அந்தப் பங்காக இருக்கட்டும். அப்போது வங்கிக்குத் துணிவு வரும், வட்டியும் இறங்கும். நட்டம் வராவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே திரும்பும். அடுத்த திட்டத்துக்குப் போகும். மானியத்தை ஒருமுறைதான் கொடுக்க முடியும்.

அரசுகள் பார்த்துக்கொள்ளும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வளரும் நாடுகளின் காலநிலை நடவடிக்கைகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று, 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கு 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன். 2024-இல் பாகு மாநாட்டில் அந்தத் தொகையை 30,000 கோடியாக உயர்த்தி, கெடுவை 2035-க்குத் தள்ளிவைத்தார்கள். உங்கள் பணம் அந்தத் தொகைக்கு ஈடாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாக்காளருக்கும் வைப்பாளருக்கும் பங்குதாரருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பணம் உங்களுடையது ஒன்றுதான். அதுவும் ஆபத்துக்கு அஞ்சினால் வேறு எந்தப் பணம் துணியும்?

அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதத்தைச் செலவிட்டால் போதும். மீதி 95 எங்கே இருக்கிறது? எண்ணெய், நிலக்கரிப் பங்குகளிலும் இருக்கிறதென்றால், பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள். எண்ணெயில் விளைந்த செல்வத்தால் நடக்கும் ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியமே 2014-இல் புதைபடிவ எரிபொருள் முதலீடுகளிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. உங்களுக்கு மட்டும் என்ன தடை? பளபளப்பான ஆண்டறிக்கையின் அட்டையில் எங்களைப் போன்றவர்களின் பம்புசெட் படம் வருகிறது. உள்ளே உள்ள முதலீட்டுப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கடுஞ்சொல்லாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். ஃபோர்டு அறக்கட்டளை 2017-இல் தன் மூலநிதியிலிருந்து, அதாவது செலவிடாமல் முதலீட்டில் வைத்திருக்கும் சொத்திலிருந்து, 10 ஆண்டுகளில் 100 கோடி டாலர் வரை சமூகப் பயனுள்ள முதலீடுகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. ஆகவே யாரும் செய்யாததை உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் அடுத்த கூட்டத்தில், மூலநிதியின் ஒரு பகுதியை முதல் நட்டத்தை ஏற்பதற்கென்றே, முடிந்தால் உள்நாட்டு நாணயத்திலேயே, ஒதுக்குவது பற்றி முடிவெடுக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். மறுப்பதானாலும், எத்தனை சதவீத நட்டம் வரை தாங்குவீர்கள் என்பதைக் குறிப்பிட்டு மறுங்கள். அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கணக்குப் பார்ப்பவன்