ஜான் ஹாரிங்டனைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

செயின்ட் பால், மினசோட்டா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் காக்கிச் சட்டை அணிந்து ஓய்வு பெற்றவன் நீ. ஆகவே, "சட்டம் இயற்றும் அவையில் உட்கார்ந்திருந்த ஒருவர் காவல்துறைக்குப் பொறுப்பேற்றால் ஏதாவது மாறுமா?" என்று நீ கேட்டிருந்ததைப் பேச்சுக்குக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த வகையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், நான் இத்தனை ஆண்டுகளாக வாழும் இந்த ஊரிலேயே அப்படியொரு பாதையில் நடந்த ஜான் ஹாரிங்டனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவர் 1977-ல் செயின்ட் பால் நகரக் காவல்துறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 2004-ல் அதன் தலைவரானவர். 2008-ல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு இங்கே நடந்தபோது, அதை எதிர்த்த ஆர்ப்பாட்டங்களையொட்டி எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி இன்றும் இங்கே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். 2010-ல் காவல்துறையை விட்டு வெளியே வந்த அவர், அதே ஆண்டில் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டு வென்றார்.

அவர் வென்ற 67-வது தொகுதி, நகரத்தின் கிழக்குப் பகுதி. லாவோஸிலிருந்து வந்த மோங் இனத்து அகதிக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அவருக்கு முன் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த மீ முவா, அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மோங் இனத்தவர். தொகுதி மறுவரையறையைக் கணக்கில் வைத்து, மினசோட்டாவில் பூஜ்யத்தில் முடியும் ஆண்டுகளில் தேர்வாகும் செனட்டருக்கு இரண்டே ஆண்டுப் பதவிக்காலம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய ஜனநாயகக் கட்சி செனட்டில் எதிர்வரிசையில்தான் இருந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் உடன்பாடு ஏற்படாமல் 2011 ஜூலையில் மாநில அரசே மூன்று வாரங்கள் முடங்கிக் கிடந்ததையும் அவர் அங்கிருந்தே பார்த்தார். ஒரு காவல்துறைத் தலைவர் ஆணையிட்டால் காரியம் நடக்கும். எதிர்வரிசை உறுப்பினர் ஒவ்வொரு வாக்காகக் கேட்டுப் பெற வேண்டும். இந்தப் பழக்கம் அவரிடம் பிற்பாடு தங்கியது என்பது என் கணிப்பு.

2012-ல் அவர் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் இரண்டின் பேருந்துகளையும் ரயில்களையும் காக்கும் மெட்ரோ டிரான்சிட் காவல்துறைக்குத் தலைவராகப் போனார். கிரீன் லைன் ரயில் அப்போது இரவு முழுவதும் ஓடும். எனக்கு இரவுப் பணி. ஜனவரி மாதத்து விடியற்காலையில், வெளியே உறைபனிக் குளிர் கடித்துக்கொண்டிருக்க, பெட்டியில் பாதி இருக்கைகளில் வீடில்லாதவர்கள் சுருண்டு படுத்திருப்பார்கள். ஒரு நாள் முதியவர் ஒருவர் அருகில் ஒரு காவலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளைத் தட்டாமல், தன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் தானாகக் கண்விழிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு தங்குமிடத்தின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்காகவென்றே ஹாரிங்டன் ஒரு குழுவை அமைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

2019 ஜனவரியில் ஆளுநர் டிம் வால்ஸ் அவரைப் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஆணையராக நியமித்தார். நெடுஞ்சாலைக் காவல், குற்றப் புலனாய்வுப் பிரிவு, ஓட்டுநர் உரிமம், பேரிடர் மேலாண்மை எல்லாம் அந்தத் துறைக்குள் அடக்கம். நீ கவனிக்க வேண்டியது ஒன்று: நகரக் காவல்துறைகள் அவர் கையில் இல்லை. அவை அந்தந்த நகர நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவை. உங்கள் டி.ஜி.பி.யைப் போல மாநிலம் முழுவதற்கும் ஆணையிடும் பதவி இங்கே இல்லை.

அந்த ஆண்டிலேயே அவரும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் கீத் எலிசனும் சேர்ந்து, காவலர்களின் கையால் நிகழும் மரணங்களை எப்படிக் குறைப்பது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தார்கள். காவல் அதிகாரிகளோடு, 2016-ல் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிலாண்டோ கஸ்டீலின் உறவினர் ஒருவரும் அதில் உறுப்பினர். பொதுமக்களை நேரில் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். 2020 பிப்ரவரியில் 28 பரிந்துரைகளோடு அறிக்கை வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து, மே 25 அன்று, மினியாபொலிஸ் தெருவோரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின்மேல் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை அழுத்தி அவரைக் கொன்றார். இதை எழுதும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரியாமல் அந்த மரணம் நேரவில்லை. அது தாளில் இருந்தது. தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பின்னர் நடந்ததெல்லாம் உனக்குத் தொலைக்காட்சியிலேயே தெரியும். மே 28 இரவு, போராட்டத்தின் நடுவே, மினியாபொலிஸின் மூன்றாவது சரகக் காவல் நிலையம் எரிந்தது. மறுநாள் காலை, ஹாரிங்டனின் துறைக்குட்பட்ட நெடுஞ்சாலைக் காவலர்களே சி.என்.என். செய்தியாளர் ஒருவரை நேரலையில் கைது செய்தார்கள். ஆளுநர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் நான் ஹாரிங்டனுக்காக வாதாட மாட்டேன். 2008-ன் பாடம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவர் அவர்.

ஆனால் ஜூலையில் சட்டமன்றம் கூடிக் காவல் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது, கழுத்தை நெரிக்கும் பிடிக்குக் கட்டுப்பாடு, சக காவலர் அத்துமீறினால் தடுத்தே தீர வேண்டும் என்ற கடமை, இத்தகைய மரணங்களை விசாரிக்கக் குற்றப் புலனாய்வுப் பிரிவில் தனிக்குழு என்று பலவும் அதில் இடம்பெற்றன. அந்தத் தனிக்குழு, பிப்ரவரி அறிக்கை ஏற்கெனவே கேட்டிருந்த ஒன்று. அடித்தளம் முன்பே போட்டு வைத்திருந்ததால்தான் இரு கட்சிகள் கையில் பிரிந்து கிடந்த அவைகளில் சில வாரங்களில் அதைக் கட்டி எழுப்ப முடிந்தது என்று நான் நம்புகிறேன். இரண்டு ஆண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பொறுமை கைவந்திருந்தது. பின்னர் அவர் பதவியிலிருந்து விலகினார்.

அந்த அறிக்கையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். வருகிற முறை ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன். பரிந்துரைகள் ஒவ்வொன்றையும் படித்து, ஒரு நிலையத்தில் பொறுப்பில் இருந்தவனாக, எது நடைமுறையில் நிற்கும், எது நிற்காது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடு. என்னால் குறிக்க முடியாத இடங்கள் அதில் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
உன் நண்பன்