வலை அடித்தது உங்கள் ஆள், பில் மட்டும் எனக்கா?

வணக்கம்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் உங்கள் கும்பகோணம் கடையில் துணி காயவைக்கிற டிரையர் வாங்கினோம். ஐப்பசி அடைமழை பிடித்தால் இங்கே நாலு நாளானாலும் கொடியில் துணி காயாது, பிள்ளைகளின் யூனிஃபார்ம் ஈரவாடை அடிக்கும், அதற்காகத்தான் தவணையில் வாங்கினது.

மாட்ட வந்த உங்கள் ஆள், சூடான காற்று வெளியே போக வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இரண்டு இடத்தில் மடக்கிக் கொல்லைப்பக்கம் விட்டார். எலி புகுந்துவிடாதா என்று கேட்டேன். "அதுக்கென்ன" என்று குழாய் வாயில் கொசுவலையை வைத்துக் கட்டிவிட்டுப் போனார்.

போன மழைக்கு முக்கால் மணியில் காய்ந்த துணி இந்த ஐப்பசியில் ஒன்றரை மணி ஆகியும் ஈரமாகவே வந்தது. மெஷின் மேல் கை வைக்க முடியவில்லை. "எங்கேயோ பஞ்சு கருகுது பாரு" என்று மாமியார்தான் முதலில் சொன்னார். அன்றைக்கே நின்றுபோனது. வாரண்டி முடிந்துவிட்டதாம், உங்கள் மெக்கானிக் ஃபியூஸ் மாற்றி 1,850 ரூபாய் வாங்கினார். ஏன் போனது என்று பார்க்கவே இல்லை. பத்தே நாளில் மறுபடியும் போனது.

அப்புறம் என் கணவர் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை நகர்த்தி, கிளாம்பைக் கழற்றிப் பார்த்தார். வலையை ஒட்டி உள்ளங்கை கனத்துக்கு சாம்பல் நிறப் பஞ்சு, அடை மாதிரி, சூடான காற்று வெளியே போக வழியே இல்லை. நடுவில் மகளின் பாவாடைச் சிவப்பு கூடத் தெரிந்தது. அத்தனை சூட்டில் தீப்பிடிக்க ஒரு பொறி போதாதா?

ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறேன், கஸ்டமர் கேரில் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். ஃபில்டரைத் தாண்டிப் போகிற பஞ்சுதான் குழாயில் சேர்கிறது, அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷ் விட்டு எடுக்கணும். குழாய் உலோகமாக இருக்கணும், வாயில் வலை கூடாது, காற்று வரும்போது மட்டும் திறக்கிற மூடிதான் வேண்டும். இதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது, இங்கிலீஷில். எண்ணெய் பட்ட துணியைப் போட்டால் தீப்பிடிக்கலாம் என்பதும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கிறது. தீபாவளியன்று எண்ணெய்த் துண்டு விழாத வீடு தஞ்சாவூர் ஜில்லாவில் உண்டா? இதைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தால் என்ன?

1,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். குழாயை உங்கள் செலவில் மாற்றுங்கள், முடிந்தவரை வளைவு இல்லாமல். பஞ்சில் கொஞ்சம் பையில் கட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர் பார்க்கட்டும். 3 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.