கணக்கு வராது என்ற மனத்தோடு எனக்காக வாதாடியவர்களுக்கு

குரூப் 4 தேர்வு எழுதி முடித்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதினால் மதிப்பெண்ணுக்குச் சொல்லும் நன்றியாகிவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள். முன்பெல்லாம் அவற்றைப் படித்துக்கூடப் பார்க்காமல், 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை வரிசையாகக் கருப்பாக்கிவிட்டு எழுந்துவிடுவேன். "உனக்கெல்லாம் கணக்கு வராது" என்று எட்டாம் வகுப்பில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது ஒரே ஒரு முறை. பிறகு அதை எனக்கு நானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளடைவில் நாலு பேர் முன்னால் பேச வராது, வெளியூருக்குத் தனியாகப் போக வராது என்று அது வளர்ந்துகொண்டே போனது. தூக்கமும் போயிற்று.

அத்தை, முதல் நன்றி உங்களுக்கு. "தூங்காதவளுக்கு எந்தப் பாடம் ஏறும்? முதலில் பேசு" என்று 14416 எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தீர்கள். அந்த மனநல உதவி எண்ணில் பேசியவர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். துணைக்கு வந்த என் கணவருக்கும் நன்றி.

அங்கிருந்த ஆலோசகரை மறக்க முடியாது. மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் இப்படிப்பட்ட எண்ணங்கள் தாமாகவே ஓடுவதை ஆரோன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் கவனித்ததைச் சொல்லி, ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம். கடைசிக் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதை நிரப்பியவர்கள் எங்கள் மகளிர் குழு அக்காமார். நோட்டைப் பார்த்த தலைவி அக்கா, குழுவின் கணக்குப் பேரேட்டை எடுத்து என் மடியில் போட்டார். "இத்தனை வருடமாக நீ எழுதுவது கணக்கு இல்லாமல் கதையா?" நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, கட்டக் கட்டக் குறையும் அசல், தவணை தவறியவர்களின் பாக்கி, எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. "உன்னால் முடியும்" என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள், அன்பாகத்தான். ஆனால் அந்த வார்த்தையை மனம் எளிதாகத் தட்டிவிடும். பேரேட்டை அதனால் தட்டிவிட முடியவில்லை.

நூலகத்துக்கு மாலையில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். அதே பேரேட்டிலிருந்து அசல், வட்டி வீதம், காலம் என்று பிரித்துக் காட்டி, எளிய வட்டியிலிருந்து கூட்டு வட்டிக்கு அழைத்துச் சென்றீர்கள். பொதுவாகப் பாராட்டும் வழக்கம் உங்களிடம் இல்லை. "மூன்றாவது வரியில் சரியாகச் சுருக்கியிருக்கிறாய்" என்பீர்கள். அந்த வரியைத் தேடி இன்னொரு முறை பார்ப்பேன். அங்கே படிக்கும் தம்பி தங்கைகளே, பழைய வினாத்தாள்களைக் கொடுத்து, கடிகாரம் வைத்துப் பழக்கியவர்கள் நீங்கள்தான்.

தேர்வு அறையிலும் அந்தக் குரல் வந்தது. வந்தாலும் 25 கேள்விகளையும் வாசித்தேன். சிலவற்றுக்கு மட்டும் ஐந்தாவது வட்டம். மற்றவற்றைப் போட்டுப் பார்த்தே விடை குறித்தேன்.

ஆசிரியர் ஐயாவின் அனுமதியோடு, இனி சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தில் வட்டிக் கணக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கு வராது என்று நினைப்பவர்கள், ஒரு நோட்டோடு வாருங்கள்.